முத்திரையில் இல்லாத பலகை

1

போன இலையுதிர் காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கூரைப் பீலி மாற்ற அனுமதி கேட்டு ஒரு கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது. மழைத் தண்ணீர் ஓடுகிற அந்தத் தகரப் பீலி ஓட்டையாகி, கதவடியில் ஒழுகிக்கொண்டிருந்தது. சொந்த வீட்டுப் பீலியை மாற்ற எதற்கு அனுமதி என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் பத்தொன்பது வருடமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊரில் தபால் கந்தோர் இல்லை. ‘எங்கள் ஊர்’ என்றதும் நீங்கள் இலங்கையில், மட்டக்களப்புப் பக்கம், நான் பிறந்த மண்டூரை நினைத்துவிடக் கூடாது. நான் சொல்வது ஜெர்மனியின் நடுவில், ஒரு மலைச்சரிவில் இருக்கும் சின்னஞ்சிறு ஊரை. தபால் கந்தோரை மூடிவிட்டு, ரொட்டி சுடும் பாண் கடையின் ஒரு மூலையில் தராசும் மஞ்சள் பெட்டியும் வைத்து, அதையே தபால் என்கிறார்கள். பாண் விற்கிற அம்மாள்தான் முத்திரையும் விற்கிறார். என்னைக் கண்டதும் மாக்கையைத் துடைத்துக்கொண்டு, “வாருங்கள், வாருங்கள், உங்கள் வீடு வந்துவிட்டது!” என்றார்.

நாட்டின் அழகிய பழைய ஊர்கள் என்று ஒரு முத்திரைத் தொடர் வருகிறது. அதில் எங்கள் ஊரும் வரப்போகிறது என்று ஊர்ச் சபை அறிவித்தது எனக்குத் தெரியும். ஆனால் ஊர் என்றால் தேவாலயம் வரும், கிணற்றடி வரும் என்று நினைத்திருந்தேன். அம்மாள் நீட்டிய தாளில் பத்துப் பத்தாக அடுக்கியிருந்தது என் வீடு. கறுப்பு மரச் சட்டங்கள், இடையே வெள்ளைச் சுவர், வளைந்த கூரை, பச்சைக் கதவு. சந்தோஷத்தில் நாக்குப் புரளவில்லை. “என் வீடு பத்துத் தாருங்கள்” என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். யன்னலடியில் சிவப்புப் பூச்சட்டி வரிசை. எங்கள் வீட்டில் ஒருநாளும் பூச்சட்டி இருந்ததில்லை. படியில் என் செருப்பு இல்லை, நான் இருக்கும் பிளாஸ்டிக் கதிரை இல்லை. அதெல்லாம் போகட்டும். கதவுக்கு மேலே பார்த்தேன். வீட்டைக் கட்டினவனின் பெயரும் அவன் மனைவியின் பெயரும் செதுக்கிய பழைய உத்தரம் இருந்தது. அதற்குக் கீழே இருக்க வேண்டிய பலகை இல்லை.

மாப்பைகளில் இருக்கும் பொடி எழுத்தை வயதானவர்கள் வாசிப்பதற்கென்று அந்தக் கடையில் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருக்கிறார்கள். அதை வாங்கிப் பார்த்தேன். இல்லை. பலகை இருந்த இடத்தில் வெறும் மரம். என் மனைவி நேசம்மாவின் பெயர் அங்கே இல்லை. பீலிக் கடிதத்தை அனுப்பாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

2

அந்த வீட்டை நாங்கள் வாங்கியபோது அது அழகிய வீடு அல்ல. கூரை ஒரு பக்கம் விழுந்து, உள்ளே புறா குடியிருந்தது. அந்த ஊரில் பிறந்த பிள்ளைகள் எல்லாரும் நகரத்துக்கு ஓடிக்கொண்டிருந்த காலம். சொந்தக்காரனின் பிள்ளைகளுக்கே அது வேண்டாம். ஊரில் ஒருவரும் கை வைக்காத வீட்டை, தொழிற்சாலையில் இரவு பகலாக வேலை செய்த ஒரு மட்டக்களப்பானும், முதியோர் இல்லத்துச் சமையலறையில் சட்டி கழுவிய அவன் மனைவியும் வாங்கினார்கள். அப்போது ஒருவரும் படம் எடுக்க வரவில்லை.

வாங்கிய பிறகுதான் அது பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம் என்று ஒரு கந்தோர் எங்களுக்கு அறிமுகமானது. கதவுக்கு என்ன பச்சை என்று அவர்கள் சொல்வார்கள். கக்கூஸ் யன்னலுக்கு அனுமதி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வெளிச் சுவரில் சீமெந்து படக் கூடாது, பழைய முறைப்படிதான் கட்ட வேண்டும், அதற்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும் என்றார்கள். பழைய முறை என்றால் என்ன என்று கேட்டேன். படம் கீறிக் காட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரச் சட்டத்துக்குள் வரிச்சுத் தடி கட்டி, களிமண்ணையும் வைக்கோலையும் குழைத்து அப்புவது. மண்டூரில் எங்கள் வயல்வாடி, மாட்டுக்கொட்டில், குசினி எல்லாம் அப்படித்தான் கட்டினோம்.

நான் வரிச்சுக் கட்டினேன். நேசம்மா சீலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு மண் மிதித்தாள். முதியோர் இல்லத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, பின்னேரங்களில் மிதித்தாள். ஐப்பசிக் குளிரில் அந்த மண் ஐஸ் மாதிரி இருக்கும். “மண்டூரான் எண்டு சொல்லிக்கொண்டு மண் மிதிக்க என்னை விட்டிருக்கிறீங்க” என்று ஏசுவாள். ஏசிக்கொண்டே மிதிப்பாள். பரிசோதிக்க வந்த கந்தோர்க்காரர் சுவரைத் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், இவ்வளவு நேர்த்தியாக எங்கே பயின்றீர்கள் என்றார். “மண்டூர்” என்றேன். அவர் படிவத்தில் ‘பயிற்சி பெற்ற நிறுவனம்’ என்ற இடத்தில் அதை எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார். அந்தப் படிவம் இன்றைக்கும் எங்கோ ஒரு கோப்பில் இருக்கிறது.

ஆக, முத்திரையில் நீங்கள் பார்க்கிற வெள்ளைச் சுவர் முன்னூறு வருடத்துச் சுவர் அல்ல. அது நேசம்மா காலால் மிதித்த சுவர். சுவரைப் படம் பிடித்தார்கள், மிதித்தவளின் பெயரைக் கழற்றினார்கள்.

3

பலகையின் கதையைச் சொன்னால்தான் என் கோபம் உங்களுக்குப் புரியும். உங்களுக்கு என்றால், மட்டக்களப்பில் இருக்கிறவர்களுக்கு உடனே புரியும். மற்ற ஊர்க்காரருக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. குடி என்கிற குலப்பிரிவு தாய்வழியில் வருவது போல வீடும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஆம்பிளைக்கு வீடு இல்லை. தாய் வீட்டில் பிறப்பான், பெண்டாட்டி வீட்டில் வாழ்வான். நான் மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையில், மண்டூரில் பிறந்தவன். கலியாணம் முடித்ததும் ஒரு தகரப் பெட்டியோடு பாதையில் ஏறி வாவியைக் கடந்தேன். பாதை என்பது எங்கள் பக்கத்தில் ஆளையும் சைக்கிளையும் ஆட்டையும் ஒன்றாக ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை. கிழக்கே ஆரையம்பதியில் நேசம்மாவின் வீடு. அவளுடைய தாய் அந்த வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவில் பின்னால் ஒரு சின்ன அறைக்கு ஒதுங்கிக்கொண்டார். அந்த மனுசி பிறகு ஒருநாளும் முன்கதவால் கேளாமல் உள்ளே வந்ததில்லை. கொடுத்தால் கொடுத்ததுதான். அதற்குப் பத்திரம் வேண்டியிருக்கவில்லை.

அந்த வீடு போர்க்காலத்தில் இடிந்து போனது. நாங்கள் இங்கே வந்தோம். இங்கே இந்த வீட்டை வாங்கும்போது நேசம்மாவின் பெயரில் எழுதச் சொன்னேன். வங்கிக்காரன் முடியாது என்றான். கடன் என் சம்பளத்தில், ஆகவே வீடு என் பெயரில். “நான் மனைவியின் வீட்டில் இருக்கிறவன்” என்று என் ஓட்டை ஜெர்மனில் விளக்கப் பார்த்தேன். அவன் என்னை இரக்கத்தோடு பார்த்தான். பெண்டாட்டியோடு ஏதோ பிரச்சினை என்று நினைத்திருப்பான்.

வீட்டு வேலை முடிந்த அன்று, ஒரு ஓக் பலகையை எடுத்து, உளியால் தமிழில் ‘நேசம்மா’ என்று செதுக்கி, கட்டினவன் பெயருக்குக் கீழே நான்கு திருகாணியால் பூட்டினேன். அந்த ஊரில் வீட்டைத் திருத்தி எடுத்தவர்கள் அப்படிப் பெயர் போடுவது வழக்கம். நான்கைந்து வீட்டில் இருக்கிறது. ஆனால் எனக்கு அது அலங்காரம் இல்லை. காணிப் பதிவில் என் பெயர் இருந்தது பிழை. அந்தப் பிழையைக் கதவில் திருத்தினேன், அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் நேசம்மா போய்ச் சேர்ந்தாள். முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு நகரத்தில் ஒரு மண்டபம் எடுத்தோம். சொந்தக்காரர் எல்லாரும் சாப்பிட்டு எழும்பும் நேரம், நான் எழுந்து நின்று, “வீடு அவளுடையது, இனி துளசியுடையது” என்று சொன்னேன். துளசி எங்கள் ஒரே பிள்ளை. இங்கே பிறந்தவள். நகரத்தில் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. சனி ஞாயிறில் வருவாள். சபையில் இருந்த பெரியவர்கள் தலையாட்டினார்கள். அதற்குப் பிறகு நான் ஒரு கந்தோருக்கும் போகவில்லை. சொன்னது போதும் என்று நினைத்தேன். அப்படி நினைக்க மட்டக்களப்பானால்தான் முடியும்.

4

அன்று மத்தியானமே துளசிக்குப் போன் அடித்தேன்.

“புள்ள, நம்மட வீடு முத்திரையில வந்திரிக்கி.”

“ஓம் அப்பா, பார்த்தன். வடிவா இரிக்கி, என்ன?”

“அம்மாட பலகை எங்க?”

“அது படத்துக்கு மட்டும் கழட்டின. நாலு திருகாணிதானே. மறுகா நானே பூட்டிட்டன்.”

“நீயா கழட்டின?”

“ஓம். நீங்க ஆவணியில மண்டூர்த் திருவிழாவுக்குப் போயிரிந்தீங்க. அப்பதான் படமெடுக்க வந்தவங்க. அந்தப் பலகையோட எடுக்கேலாதாம். பழைய ஊர் மாதிரித் தெரியாதாம். இல்லாட்டி வேற வீடு பார்க்கிறமெண்டு சொன்னாங்க. அதான் சம்மதக் கடிதத்தில கையெழுத்து வெச்சன்.”

“ஆரக் கேட்டுக் கையெழுத்து வெச்ச நீ?”

“ஆரக் கேக்கணும்? வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்து எண்டு இரிந்திச்சி. நான் வெச்சன். நீங்கதானே அவ்வளவு சனத்துக்கு முன்னால சொன்ன, வீடு துளசிட எண்டு!”

போனை வைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக் கடிதங்களை ஏழு வயதிலிருந்து அவள்தான் வாசித்தாள். வரிக் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம், கூரை ஓட்டின் வளைவு பற்றி வந்த பத்துப் பக்கக் கடிதம், எல்லாம். சட்டைப் பையில் பென்சிலோடு மேசையில் ஏறியிருந்து வாசிப்பாள். தமிழில் ஒரு வரி அவளால் வாசிக்க முடியாது. நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. வேலை முடிந்து வந்தால் மண் மிதிக்கத்தான் நேரமிருந்தது. பலகையில் எழுதியிருப்பது தாயின் பெயர் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அதை அவள் ஒரு படமாகத்தான் பார்த்திருக்கிறாள். வாசிக்க முடியாததைக் கழற்றுவது லேசு. இந்த எண்ணம் வந்ததும் அவள் மீது இருந்த கோபம் பாதி என் மேலேயே திரும்பியது. அதனால் கோபம் குறையவில்லை, இரட்டித்தது.

5

அடுத்த நாள் காலை ஊர்ச் சபைக்குப் போனேன். கலாசாரப் பகுதியில் இருக்கும் அம்மையார் நல்லவர். எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தார். நான் கோப்பியைத் தொடவில்லை.

“என் மனைவியின் பெயரை மறைத்துவிட்டீர்கள்” என்று சொல்ல வந்தவன், ஆத்திரத்தில் ஜெர்மன் வார்த்தை மாறி, “திருடிவிட்டீர்கள்” என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சிவந்தது. திருத்தலாமா என்று யோசித்தேன். இந்த வார்த்தையே பொருத்தமாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். முத்திரைத் தொடருக்கு வேண்டியது வரலாற்றுத் தோற்றம். அதில் வரும் எழுத்து வாசிக்கிறவர்களைக் குழப்பும். யாரையும் அவமதிக்கும் எண்ணம் இல்லை.

“மேலே இருக்கிற பெயரும் எழுத்துத்தானே? அதை ஏன் கழற்றவில்லை?”

“அது வரலாறு.”

“அவன் கட்டின அன்றைக்கு அது வரலாறா?”

எனக்கு அன்றைக்கு நல்ல வேகம். வருடம் முழுக்க இந்த ஊரில் விளக்கு எரிகிற வீடுகள் எத்தனை என்று கேட்டேன். பாதி வீடுகள் விடுமுறைக்கு வருகிறவர்களுடையவை. பனி வழிக்கிறவன் போலந்துக்காரன். கிழவர்களைக் குளிப்பாட்டுகிறவள் எரித்திரியப் பெண். விழ இருந்த வீட்டைத் தூக்கி நிறுத்தினவன் நான். ஊரை உயிரோடு வைத்திருக்கிறவர்கள் படத்துக்கு ஆகாதவர்கள், அப்படித்தானே? தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் போட்டேன். முப்பத்தைந்து வருடத்தில் ஒரு கந்தோரில் நான் போட்ட முதல் சத்தம் அது.

அம்மையார் எழுந்து போய் ஒரு கோப்போடு வந்தார். உண்மையில் எனக்கு உதவத்தான் வந்தார். துளசியின் கையெழுத்தைக் காட்டினார்.

“முத்திரை அச்சாகிவிட்டது. அதை இனித் திருப்ப முடியாது. ஆனால் இதே படத்தைச் சந்தியில் பெரிதாக வைக்கப்போகிறோம். நாட்காட்டியும் வருகிறது. அவை எங்கள் கையில். காணிப் பதிவில் உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் மகளுக்கு இந்த வீட்டில் எந்த உரிமையும் இல்லை, உரிமை இல்லாமல் கையெழுத்து வைத்தார் என்று நீங்கள் ஒரு வரி எழுதித் தந்தால் போதும். சம்மதம் செல்லாது. எல்லாவற்றையும் இன்றைக்கே நிறுத்திவிடலாம்.”

வெள்ளைத் தாளையும் பேனையையும் என் முன்னால் வைத்தார்.

பேனையை எடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், எடுத்தேன். ஒரே ஒரு வரி. சந்தியில் அந்தப் பொய்ப் படம் வராது. நேசம்மாவுக்கு நியாயம் கிடைக்கும். ஆனால் என்ன எழுதுவது? என் மகளுக்கு அந்த வீட்டில் உரிமை இல்லை என்றா? தாயின் முப்பத்தோராம் நாளில், எழுந்து நின்று கொடுத்த வீட்டை, கொடுக்கவில்லை என்றா? நேசம்மாவின் பெயரைக் காப்பாற்ற, நேசம்மாவின் மகளை அவளுடைய வீட்டிலிருந்து வெளியே தள்ளும்படி என்னைக் கேட்கிறார்கள். அதையும் கோப்பி தந்து கேட்கிறார்கள்.

“எழுத முடியாது” என்றேன். “வீடு அவளுடையது.”

“காகிதப்படி இல்லையே.”

“காகிதப்படி இல்லை. ஆனால் அவளுடையது.”

“அப்படியானால் அவர் வைத்த கையெழுத்து செல்லும்” என்றார் அம்மையார். “உங்கள் முறைப்பாட்டுக்கு இடமில்லை.”

வெளியே வந்தேன். அவர் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். கோப்பி ஆறிப்போய் மேசையிலேயே இருந்தது.

6

சனிக்கிழமை துளசி வந்தாள். சப்பாத்தைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டது.

“நிப்பாட்டியிரிக்கலாமே! சபையில இரிக்கிற மனுசி எனக்கு எல்லாம் சொன்னவ. ஒரு வரிதானே? ஏன் எழுதல்ல?”

“உன்ட வீட்ட உன்ட இல்லையெண்டு நான் எப்பிடி எழுதுற?”

“அது சும்மா ஒரு காகிதம் அப்பா.”

“காகிதம் சும்மா எண்டா நீ ஏன் அதில கையெழுத்து வெச்ச?”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் என் பிள்ளை தாயைப் போல, அழுதுகொண்டே சண்டை பிடிப்பாள்.

“ஆருக்கும் வேணாமெண்டு விட்ட வீடு. புறா இரிந்த வீடு. என்னோட படிச்ச பிள்ளையள் பேய் வீடெண்டு பகிடி பண்ணின வீடு. அந்த வீட்ட முத்திரையில போடப் போறமெண்டு கேட்டு வந்தாங்க. அம்மாட வீடு நாடு முழுக்கப் போகும். நான் என்ன, ஏலாதெண்டா சொல்றது? வேற வீட்ட எடுக்கச் சொல்றதா? பேர் இல்லாட்டியும் வீடு அம்மாடதானே!”

“பேர் இல்லாட்டி அது ஆருட வீடெண்டு ஆருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்!”

மூக்கை உறிஞ்சிவிட்டு இன்னொன்றும் சொன்னாள்.

“நீங்க மட்டும் என்ன? திருவிழாவுக்குப் போய் வாவிப் படம் ஒண்டு அனுப்பினீங்க. மாமிட வளவில நிண்டு எடுத்தது. மாமி உடுப்புக் காயப்போடுற கொடி அந்த இடத்திலதானே? படத்தில கொடி எங்க? கழட்டச் சொன்ன ஆள் நீங்கதானே, மாமியே எனக்குச் சொன்னவ.”

இதை நான் எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதாவிட்டால் நானும் பலகையைக் கழற்றினவன் ஆகிவிடுவேன். ஓம், நான்தான் சொன்னேன். வாவியில் வெயில் சரிகிற நேரம், தண்ணீருக்கும் எனக்கும் நடுவே, துளசி மாமி என்கிற என் அக்காவின் ஈரச் சீலைகள். “அக்கா, அதக் கொஞ்சம் எடுங்க, படம் பழுதாகுது” என்றேன். அக்கா ஈரச் சீலைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். நான் நாலு படம் எடுத்தேன். வாவியும் வெயிலும் மட்டும். நாற்பது வருடமாக அந்தக் கரையில் உடுப்புத் துவைத்து, பிள்ளை வளர்த்து, வெள்ளத்துக்கும் சண்டைக்கும் ஓடித் திரும்பி வந்து அதே இடத்தில் கொடி கட்டினவரை, என் படத்துக்கு இடைஞ்சல் என்று தள்ளி நிற்கச் சொன்னேன். இங்கே வந்து சபையில் சத்தம் போட்டேன்.

“கொடியும் பலகையும் ஒண்டா?” என்று துளசியிடம் கத்தினேன். கத்தும்போதே தெரிந்தது, ஒன்றுதான்.

அன்று சாப்பிட்டு முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

“இஞ்ச பார் புள்ள. காணிப் பதிவில அம்மாட பேர் இல்ல. வங்கிக்காரன் விடல்ல. அம்மாக்கு இந்த வீடு சொந்தமெண்டு சொல்றதுக்கு இந்தப் பலகை மட்டும்தான் இரிக்கி. உனக்கு வீடு என்னட்டயிருந்து வரல்ல. இந்தப் பலகையிலயிருந்து வந்தது. நீ கழட்டினது அம்மாட பேர மட்டுமில்ல, உன்ட வீட்டு உறுதிப் பத்திரத்தயும்தான்.”

அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். முப்பத்தோராம் நாளில் கூடியிருந்தவர்களுக்கு உரக்கச் சொன்னவன், பிள்ளைக்கு இருத்தி வைத்துச் சொல்லவில்லை.

“இதில முதல் எழுத்து எது?” என்று கேட்டாள்.

“நே.”

அதை அவள் விரலால் காற்றில் எழுதிப் பார்த்தாள். பிழையாகத்தான் எழுதினாள்.

7

அடுத்த மாதம், வீட்டைத் துளசியின் பெயருக்குப் பத்திரம் எழுத நொத்தாரிசிடம் போனோம். இந்த நாட்டில் நொத்தாரிசு பத்திரம் முழுவதையும் சத்தமாக வாசிக்க வேண்டும் என்பது சட்டம். மனுசன் ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் வாசித்தார். நடுவில் நிறுத்தி, என்னைப் பார்த்து, வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுக்கும் தகப்பன்மார் சாகும் வரை அதில் குடியிருக்கும் உரிமையைப் பத்திரத்தில் போட்டுக்கொள்வது வழக்கம், போடட்டுமா என்றார்.

“வேண்டாம்” என்றேன்.

“அப்படியானால் நாளைக்கு அவர் போகச் சொன்னால் எங்கே போவீர்கள்?”

எனக்குச் சுறுக்கென்று ஏறிவிட்டது. மகள் வீட்டில் தகப்பன் இருப்பதற்குச் சட்டத்தில் ஒரு பிரிவு தேவைப்படுகிற நாட்டில் நான் முப்பத்தைந்து வருடம் இருந்துவிட்டேன். “எங்கள் பக்கத்தில் ஆண்கள் எல்லாரும் இப்படித்தான் இருக்கிறார்கள், ஒருவரும் தெருவில் நிற்கவில்லை” என்று சொன்னேன். துளசி குறுக்கிட்டாள்.

“அவர் குடியிருக்கும் உரிமையை எழுதுங்கள்” என்று நொத்தாரிசிடம் சொன்னாள். என்னிடம் தமிழில், “இப்ப நான்தான் வீட்டுக்காரி. சும்மா இருங்க” என்றாள்.

அவர் எழுதினார். நான் சும்மா இருந்தேன்.

இதற்குள் சந்தியில் பெரிய படம் வைத்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் சனம் வரத் தொடங்கியது. கையில் முத்திரை, கழுத்தில் கமரா. என் வீட்டு வாசலில் நின்று முத்திரையையும் வீட்டையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். பூச்சட்டி எங்கே என்பார்கள். கதிரையில் இருக்கும் என்னைப் பார்த்து, கொஞ்சம் தள்ளி இருக்க முடியுமா என்பார்கள். ஒருவர், நன்றாக உடுத்த மனுசன், பலகையைக் காட்டி, “இதை எப்போது மாட்டினீர்கள்? முத்திரையில் இல்லையே, அழகைக் கெடுக்கிறதே” என்றார். நான் எழுந்தேன். என் முகத்தில் என்ன கண்டாரோ, அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

போன வாரம் சபையிலிருந்து கடிதம் வந்தது. துளசி வந்த பிறகுதான் உறையைத் திறந்தோம், ஏனென்றால் அது அவள் பெயருக்கு வந்திருந்தது. குசினி மேசையில் வைத்து வாசித்தாள். வழக்கமாக ஒவ்வொரு வரியாக எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். இந்த முறை தனக்குள்ளேயே வாசித்து முடித்ததும் கடிதத்தை என் பக்கம் தள்ளினாள். நானே வாசித்தேன். முத்திரையைப் பார்த்து வரும் விருந்தினர்கள் ஏமாற்றமடைகிறார்களாம். வீடு முத்திரையில் உள்ள தோற்றத்தோடு ஒத்துப்போகவில்லையாம். ஆகவே வீட்டின் உரிமையாளர் கதவுக்கு மேலுள்ள பலகையை நிரந்தரமாக அகற்றுவது பற்றிக் கனிவுடன் பரிசீலிக்க வேண்டுமாம்.

கனிவுடன். உடனே சபைக்குப் போகிறேன் என்று எழுந்து கோட்டை எடுத்தேன். அன்றைக்குச் சனிக்கிழமை, சபை பூட்டு என்பதுகூட நினைவில்லை.

“இருங்க அப்பா” என்றாள் துளசி. “கடிதம் எனக்கு வந்தது.”

ஒரு தாளை எடுத்தாள். இரண்டே வரி எழுதினாள். கையெழுத்துப் போட்டு, கையெழுத்துக்குக் கீழே ‘உரிமையாளர்’ என்று எழுதினாள். வாசிச்சுக் காட்டு என்று கேட்டேன். ஜெர்மனில் வாசித்தாள். பிறகு, நான் கேளாமலே, எனக்காகத் தமிழிலும் சொன்னாள்.

“வீடு சரியாத்தான் இரிக்கி. முத்திரையைத் திருத்துங்க.”